வெள்ளை ஹெல்மெட்டுக்கு வழி

"எங்க அம்மாவ நிறுத்துங்க சார்."

உட்காராமலே சொன்னாள் சந்தனமாரி. உட்கார்ந்தால் குரல் தணிந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

டீக் கப்பை வாய்க்குக் கொண்டுபோன தலைமைப் பொறியாளர் ரகுநந்தன் கையை அந்தரத்தில் நிறுத்தினார். "யாரை?"

"உச்சிமாகாளி, தெற்குத் தெரு, உப்படிக்குளம். அவங்க அசைவ வச்சு உள்ள ஒரு மிஷின் ஓடுதுல்லா, அத நிறுத்தணும். எங்க அசைவ நாங்க திருப்பி வாங்கிக்கிடுதோம். சட்டத்துல அதுக்கு எடம் இருக்கு."

"சந்தனா, முதல்ல உட்காருங்க."

ஆபீசில் அவள் பெயர் சந்தனா. சேர்ந்த முதல் நாளே மாரியை வெட்டிவிட்டார்கள். அடையாள அட்டையில் இடம் போதவில்லையாம்.

இந்த ஒன்றை மட்டும் கேட்கக் கூடாது என்று அவளுக்குச் சொல்லாத ஆள் கிடையாது. வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கு இதே அறையில் ரகுநந்தன் சொன்னார். தெருவில் பொன்னுத்தாய் சித்தி சொன்னாள். போதாததற்கு, இரண்டு வருஷமாக அவளே வீடு வீடாகப் போய் ஊருக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதுதான் அவள் உத்தியோகம். 'உள்ளூர்த் தொடர்பு அலுவலர்' என்று அட்டையில் போட்டிருக்கும். உள்ளூரில் யாரும் எதையும் கேட்டுவிடாமல் பார்த்துக்கொள்கிறவள் என்று அர்த்தம்.

சிவில் படித்தவள். அவள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டிய முதல் ஆள். பொறியாளர் வேலைக்குத்தான் விண்ணப்பம் போட்டாள். "உங்க ஜனங்களோட பேச உங்களை மாதிரி ஒருத்தர் வேணும்" என்று கேட் பக்கத்தில் இருந்த தகரக் கொட்டகையில் உட்காரவைத்தார்கள். கடலரிப்பைத் தடுக்க உப்படிக்குளத்திலிருந்து ஆறு ஊரை ஒட்டி எழும்புகிற பெரிய சுவர், முழுக்க அரசாங்கப் பணம். அந்தச் சுவரில் ஒரு கல்லின் அளவைக்கூட அவள் சொன்னது கிடையாது.

அறுபதாள் சட்டம் என்று ஒன்று வந்ததே, அதிலிருந்து தொடங்கியது இது. அரசாங்கப் பணத்தில் நடக்கிற எந்தக் கட்டுமானத்திலும் நூறு ஆளுக்கு அறுபது ஆள் சுற்றுவட்டாரத்து ஆளாக இருக்க வேண்டும். வெளியூரிலிருந்து லாரியில் ஆள் ஏற்றிக்கொண்டு வந்து, ஊர்க்காரனை வேலிக்கு வெளியே நிற்கவைத்து வேடிக்கை காட்டிய காலம் போதும் என்று ஜனங்கள் ரோட்டில் உட்கார்ந்து வாங்கிய சட்டம். ஒரு வருஷம் அது சட்டமாகவே இருந்தது. அந்த வருஷம் உச்சிமாகாளி சித்தாளாக அந்தச் சுவருக்குக் கலவை சுமந்தாள். தெற்குத் தெருவில் பாதிப் பேர் சுமந்தார்கள். சாயங்காலம் வீடு திரும்புகிறபோது எல்லார் காலிலும் சிமென்ட்டு காய்ந்து வெள்ளையாக இருக்கும்.

அப்புறம் மிஷின்கள் வந்தன. இரண்டு கால், இரண்டு கை, தலை இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விளக்கு. சாரம் ஏறும், சட்டி தூக்கும், கம்பி வளைக்கும். ஆனால் நடக்கத் தெரியாது. ஈரமணலில் சுமையோடு எப்படிக் கால் வைப்பது, சறுக்கினால் எந்தப் பக்கம் சாய்வது என்பதை எந்தக் கணக்காலும் அதற்குச் சொல்லிக்கொடுக்க முடியவில்லை. எனவே சித்தாள்களுக்கு அசைவுச் சட்டை என்று ஒன்றை மாட்டிவிட்டார்கள். உடம்பு முழுக்கக் கம்பி ஓடுகிற கனத்த சட்டை. மூன்று மாதம் அதைப் போட்டுக்கொண்டே வேலை செய்தார்கள். தோள் எப்படித் திரும்புகிறது, முழங்கால் எப்போது மடங்குகிறது, எல்லாம் மிஷினுக்குள் போய்விட்டது. போன கையோடு சட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டு, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அறுபதாள் சட்டம் என்ன ஆனது என்று கேட்டு ஊர்ஜனம் கோர்ட்டுக்குப் போனது. தீர்ப்பில் ஒரு வரி வந்தது. ஓர் இயந்திரம் யாருடைய அசைவில் ஓடுகிறதோ அந்த இயந்திரம் சட்டத்தின் கண்ணுக்கு அவரே. முடிந்தது. ஒவ்வொரு மிஷினின் நெஞ்சிலும் ஒரு பெயரும் தெருவும் எழுதினார்கள், ஆய்வுக்கு வருகிறவர்கள் எண்ணிக்கொள்ள வசதியாக. மாதம்தோறும் அசைவுக்கூலி என்று வங்கியில் ஏதோ விழும். பட்டினி கிடக்க விடாது, அவ்வளவுதான்.

ஒரு நிபந்தனையும் உண்டு. ஒரே ஆள் ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் வேலை செய்ய முடியாதில்லையா? உச்சிமாகாளி சுவரில் வேலை செய்துகொண்டிருக்கிறாள். எனவே உச்சிமாகாளி வேறு எங்கும் கூலிக்குப் போகக் கூடாது. களை பறிக்கப் போனாலும் குற்றம், உப்பளத்துக்குப் போனாலும் குற்றம். அம்மாவுக்கு முழுநேர வேலை, அம்மா முழுநேரமும் வீட்டில். கழுவிய குடத்தையே திரும்பக் கழுவிக்கொண்டு.

இதெல்லாம் சந்தனமாரிக்கு உறைக்காமல் இல்லை. வயிற்றெரிச்சலோடுதான் சம்பளம் வாங்கினாள். ஆனால் முந்தாநாள் வரைக்கும் அவள் கேட்கவில்லை. முந்தாநாள்தான் அதைப் பார்த்தாள்.

வடக்கே இருந்து ஒரு குழு வந்திருந்தது, மிஷின் வாங்க. கண்ணாடி அடைத்த மாடத்தில் அவர்களை உட்காரவைத்து, உள்ளூர் முகம் ஒன்று வேண்டும் என்று சந்தனமாரியையும் புடவை கட்டி வரச் சொல்லியிருந்தார்கள். சைட்டுக்குள் அவள் வந்ததே அன்றைக்குத்தான் முதல் தடவை. பாதுகாப்பு காரணமாம், ஆபீசுக்குக் கூப்பிட்டால் கொட்டகையிலிருந்து மூடிய வேனில் ஏற்றி ஆபீஸ் வாசலில் இறக்கி, வேனிலேயே திருப்பிக் கொண்டுவிடுவார்கள்.

கீழே பாதையில் மிஷின்கள் வரிசையாகச் சட்டி சுமந்து போய்க்கொண்டிருந்தன. எதிரே சிவபெருமாள் அண்ணாச்சி வந்தார். பெரிய தெருக்காரர், சைட்டுக்கு ஜல்லி அடிக்கிற துணைக் காண்ட்ராக்டர். வெள்ளை வேட்டி, தலையில் வெள்ளை ஹெல்மெட்.

அவரைக் கண்டதும் முதல் மிஷின் பாதையை விட்டு மணலில் இறங்கியது. சட்டியைக் கீழே வைத்தது. வலது கை இடுப்புக்குப் போய் எதையோ உருவிக் கீழே இழுத்துவிட்டது. விளக்கு தாழ்ந்தது. அவர் தாண்டிப் போகிறவரை அசையாமல் நின்றது. அதன் பின்னால் வந்ததும் இறங்கியது. அதற்குப் பின்னால் வந்ததும்.

"கையை இடுப்பில் வைப்பது எதற்கு?" என்று வந்தவர்களில் ஒருவர் இங்கிலீஷில் கேட்டார்.

"சுமையை வைத்தபிறகு பிடியைச் சரிபார்க்கிறது" என்றார் ரகுநந்தன் கொஞ்சமும் தயங்காமல். "இந்த ஒதுங்கல்தான் எங்கள் பெருமை. மற்ற கம்பெனி மிஷின்கள் ஆள் மேல் இடிக்கும். எங்களுடையது மனிதனைக் கண்டால் வழிவிடும். மூன்று வருஷத்தில் ஒரு விபத்து கிடையாது. இந்த மாடலுக்கு 'விநயம்' என்று பெயர் வைத்திருக்கிறோம்."

கைதட்டினார்கள்.

சந்தனமாரிக்குக் கை வரவில்லை. பிடியாவது சரிபார்ப்பாவது. வேலை செய்கிற பெண்பிள்ளை கால் தடுக்காமலிருக்கச் சேலையைத் தூக்கி இடுப்பில் செருகியிருப்பாள். பெரிய தெரு ஆள் எதிரே வந்தால் ஒதுங்கி நின்று, செருகியதை இழுத்துக் கீழே விட வேண்டும். விடாவிட்டால் திமிர். அம்மா விடுவதை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள். சட்டையை மாட்டியிருந்த மூன்று மாதமும் இந்த அண்ணாச்சி அந்தப் பாதையில்தான் வெள்ளை ஹெல்மெட்டோடு போய்வந்துகொண்டிருந்தார். அம்மாவின் உடம்பு செய்ததையெல்லாம் சட்டை எடுத்துக்கொண்டது. எது வேலை, எது பயம் என்று சட்டைக்குத் தெரியுமா?

அந்த மிஷினுக்குச் சேலை இல்லை. இல்லாத சேலையை அது இறக்கிவிட்டுக்கொண்டிருந்தது.

நேற்று மத்தியானம் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து இதை அம்மாவிடம் சொன்னாள். உச்சிமாகாளி முதலில் சிரித்தாள்.

"அதுவுமாட்டி செய்யுது? கிறுக்குச் சவம்!"

"சிரிக்காதம்மா. அதத்தான் வெலைக்கு விக்கான். ஒதுங்குததத்தான் பெருசாப் பேசுதான். வடக்க அனுப்புத மிஷின் அம்புட்டுலயும் நீதான் இருக்கப்போற. ஒன்னோடதுதான் சுத்தமா பதிஞ்சிருக்காம்."

அம்மாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கை அவளை அறியாமல் இடுப்புக்குப் போனது. போன கையை அவளே குனிந்து பார்த்தாள், யாருடைய கையோ போல.

"நான் பழக்கத்துல செஞ்சேன்" என்றாள். "எங்கம்மா செஞ்சா, நானும் செஞ்சேன். இரும்புக்கு என்னட்டி வந்துச்சு? அது எதுக்கு ஒதுங்கணும்?"

பின்கட்டில் பாத்திரம் வாங்க வந்த பொன்னுத்தாய் சித்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் அசைவிலும் ஒரு மிஷின் ஓடுகிறது. "ஏட்டி மாரி, நீ படிச்சவ, ஒனக்கு நான் சொல்ல வேண்டாம். செத்தவன் போனவனெல்லாம் கழிஞ்சு இப்பம் நூத்துக்குச் சரியா அறுவது இருக்கு. ஒங்கம்மாவ எடுத்தா அம்பத்தொம்பது. அரசாங்கம் பணத்த நிறுத்தும், கம்பெனிக்காரன் தெருவுக்கே கூலிய நிறுத்துவான். எம்பையன் ஆஸ்டல்ல கெடக்கான். ஒன் ரோசத்துக்கு எம்பிள்ள படிப்ப அடகு வைக்காத."

"சித்தி, அது குனியுது. ஒங்க பேர நெஞ்சுல எழுதிக்கிட்டு குனியுது."

"குனியட்டும். எனக்கென்ன இடுப்பா வலிக்கி?"

சித்தி போன பிறகு அம்மா தட்டை எடுத்துக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள். "நாளைக்கி நீ ஆபீஸ்ல சொல்லு. நான் கேட்டு வாசல்ல வந்து நிக்கேன். கைரேகை எங்க வைக்கணுமோ வைக்கேன்."

"தெரு ஏசும்மா."

"ஏசட்டும். இத்தன காலம் ஒதுங்கியே வாழ்ந்தாச்சு. ஏச்சு வாங்கியும் கொஞ்சம் வாழ்ந்து பாப்போம்."

இப்போது ரகுநந்தன் முன்னால் நின்று அவள் கேட்டது அதைத்தான்.

ரகுநந்தன் கத்தவில்லை. கெட்ட மனிதர் என்றால் வேலை சுலபம். அவர் அவளுக்கு இரண்டு வருஷமாகப் புத்தகம் கொடுத்தவர், காய்ச்சல் வந்தால் வண்டி அனுப்பியவர். "சட்டத்துல இடம் இருக்குங்கறது உண்மைதான். யாரும் எப்ப வேணா விலகலாம். ஆனா விலகினா என்ன ஆகும்னு உங்களுக்கும் தெரியும். ஐம்பத்தொன்பது."

"ஒரு ஆள எடுங்க சார். உசுரோட ஒரு ஆள். கேட்டுக்கு வெளிய தெருவே இருக்கு. எங்க அம்மாவே வருவாங்க, கலவை சுமக்க."

"முடியாது. மனுஷக் கூலியாளே இல்லாத சைட்னு சொல்லித்தான் காப்பீடு எடுத்திருக்கோம். ஒரே ஒரு சித்தாளை உள்ள விட்டாலும் மொத்தமும் மாறிடும். மனுஷங்க விழுவாங்க சந்தனா. மிஷின் விழுந்தா தூக்கி வைக்கலாம்."

"அப்போ இந்தச் சட்டம் எதுக்கு சார்? ஊர்க்காரனுக்கு வேலை குடுக்கன்னு போட்ட சட்டம். ஊர்க்காரன் உள்ள வந்தா மட்டும் காப்பீடு கெட்டுப்போகுமா?"

"சட்டத்தை நான் போடல."

"அந்த ஒதுங்கல் என்னதுன்னு ஒங்களுக்குத் தெரியுமா சார்?" அவள் கேட்டாள். "பிடி சரிபாக்கறதுன்னு சொன்னீங்களே."

அவர் டீக் கப்பைக் கீழே வைத்தார். ஆடை படிந்திருந்தது. "முதல்ல தெரியல. பிறகு தெரிஞ்சது."

"எப்போ?"

"அதை எடுத்துடலாம்னு ஒரு தடவை முயற்சி பண்ணினோம். இடுப்புக்குப் போற கையை மட்டும் வெட்டினோம். வெட்டினா நடையே போயிடுது, மிஷின் கீழ விழுது. அந்த ஒதுங்கலும் சுமை தூக்கறதும் ஒரே உடம்புல ஒண்ணா ஊறிப்போயிருக்கு. பிரிக்க முடியல. அப்புறம் பார்த்தா, வாங்கறவங்களுக்கு அதுதான் பிடிச்சிருந்தது."

இதை அவர் வருத்தமாகத்தான் சொன்னார். அவள் அதைக் கவனித்தாள். வருத்தப்பட்டுக்கொண்டே விற்கிறார்.

"நிறுத்துங்க" என்றாள் மறுபடியும்.

"விலகினா இந்த சைட்ல ஓடற ஒண்ணு நிக்கும். வெளியூருக்குப் போனது போனதுதான். அதுல உங்க அம்மா பேர் இல்லை, பாடம் மட்டும்தான் இருக்கு. நாலாயிரம் மிஷின். அதை எந்தச் சட்டமும் தொடாது."

நாலாயிரம். எந்தெந்த ஊரிலோ, யார் யாருக்கோ.

"இன்னொரு வழி இருக்கு." ரகுநந்தன் குரலை இறக்கினார். நல்ல செய்தி சொல்கிறவரின் குரல். "அம்மா விலகட்டும். அந்த இடத்துக்கு நீங்க வாங்க. நீங்களும் உப்படிக்குளம்தானே? கணக்கு அறுபதாவே நிக்கும். தெருவுல ஒருத்தர் கூலியும் நிக்காது. உங்களுக்குச் சம்பளமும் கூடும், பதவியும் மாறும்."

"நான் சட்டி தூக்குனதில்ல சார்."

"சட்டி தூக்க வேண்டாம்." சுவரில் இருந்த திரையைப் போட்டார். "அசைவுச் சட்டையும் தனியா போட வேண்டாம். ஏற்கெனவே போட்டிருக்கீங்க."

அவள் குனிந்து தன்னைப் பார்த்தாள். ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு ஜாக்கெட். கொட்டகையில் இருந்தாலும் கழற்றக் கூடாது என்று சேர்ந்த அன்றே கொடுத்தது. எடையே தெரியாத ஜாக்கெட்.

"புது மாடல். கம்பியே தெரியாது. வேலைக்குச் சேரும்போது சம்மதம் கேட்டாங்களே, ஞாபகம் இருக்கா?"

எதற்கெல்லாமோ சரி சொன்ன நாள் அது. வேலை கிடைத்த சந்தோஷத்தில் எதைக் கேட்டிருந்தாலும் சரி சொல்லியிருப்பாள்.

திரையில் கோடுகளால் ஆன ஓர் உருவம் நடந்து வந்தது. தலைக்கு ஒரு வட்டம், உடம்புக்கு ஒரு கோடு. இருந்தும் அது தான்தான் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. கழுத்தை முன்னால் நீட்டி, எங்கோ சண்டைக்குப் போவதுபோல வேகமாக நடக்கிற நடை. உருவம் ஒரு வாசலுக்கு வந்தது. எதிரே இன்னொரு உருவம். அவளுடைய உருவம் நின்றது. இடது பக்கம் அரை அடி நகர்ந்தது. ஒரு கை நெஞ்சுக்குப் போய் அடையாள அட்டையைப் பிடித்துக்கொண்டது. தலை லேசாகச் சாய்ந்தது. எதிர் உருவம் தாண்டிப் போனதும் நிமிர்ந்து நடந்தது.

"இது சிவபெருமாள் அண்ணாச்சி வர்றப்போ" என்றார் ரகுநந்தன். "இது இன்னொரு நாள். இது வேற நாள்."

வேறு நாள், வேறு நாள், வேறு நாள். ஒவ்வொன்றிலும் அதே அரை அடி.

ஜல்லி லாரிகள் தெற்குத் தெருக் குழாயை உடைத்தபோது இதே அண்ணாச்சியிடம் எல்லார் முன்னாலும் சீறியவள் அவள். "நீங்க சரி பண்ணிக் குடுக்கற வரைக்கும் லாரி போகாது" என்று முகத்துக்கு நேரே சொன்னவள். அன்றைக்கும் அவர் கிளம்பியபோது வாசலில் அரை அடி நகர்ந்திருக்கிறாள். வாய் சண்டை போட்டிருக்கிறது. தோள் வழிவிட்டிருக்கிறது. படிப்பு வாய்க்கு மட்டும்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

"அம்மா சுமையோட ஒதுங்கறாங்க" என்றார் அவர். உண்மையிலேயே பாராட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தார். "நீங்க படிச்ச தோரணையோட, சிரிச்ச முகமா ஒதுங்கறீங்க. ஆஸ்பத்திரி, ஹோட்டல், ஏர்போர்ட், எல்லாருக்கும் இதுதான் வேணும். பெயர்கூட யோசிச்சாச்சு."

"விநயம் ரெண்டு."

அவர் ஆச்சரியப்பட்டார். "யார் சொன்னா?"

அவள் சிரித்தாள். சிரித்த பிறகு, இந்தச் சிரிப்பையும் ஜாக்கெட் எடுத்திருக்கும் என்று தோன்றியது.

"அவசரம் இல்லை. யோசிச்சு நாளைக்குச் சொல்லுங்க. உங்க தெருவை நினைச்சுப் பாருங்க."

"நினைச்சுப் பாத்துட்டேன் சார். அம்மா கேட்ல நிக்காவ. தாலுகா ஆபீஸ் சாயங்காலம்வரை திறந்திருக்கும். ரெண்டு பேரு அசைவையும் திருப்பி வாங்கக் கைரேகை வைக்கப்போறோம், அம்மாவோடதும் என்னோடதும்."

"சந்தனா, நாலாயிரமும் ஓடத்தான் போகுது. இங்க ஒண்ணு நின்னு யாருக்கு என்ன லாபம்?"

"எம்பேரு சந்தனமாரி" என்றாள்.

"வேனை வரச் சொல்றேன்."

"வேண்டாம். நடந்து போறேன்."

அறைக் கதவைத் திறந்தாள். வெளியே, உள்ளே வருவதற்குச் சிவபெருமாள் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

"என்ன ஆபீசரம்மா, இன்னைக்கி யாரு கூட மல்லுக்கட்டு?" என்றார் சிரித்துக்கொண்டே.

அவளுடைய இடது கால் நகர்ந்துவிட்டது. நினைப்பதற்கு முன்னாலேயே நகர்ந்துவிட்டது. கை நெஞ்சுக்குப் பாதி வழி போயிருந்தது. அதைப் பார்த்தாள். நேற்று அம்மா தன் கையைப் பார்த்ததுபோல.

காலைப் பழைய இடத்தில் வைத்தாள். கையைக் கீழே தொங்கவிட்டாள். வாசலுக்கு நடுவில் நின்றாள்.

அண்ணாச்சி காத்திருந்தார். கோபமெல்லாம் இல்லை அவருக்கு. லிப்ட் கதவு திறக்கட்டும் என்று காத்திருப்பார்களே, அந்த மாதிரி நின்றார். வழி வரும் என்று தெரிந்தவரின் நிற்பு. வழி வரவில்லை. அவர் முகத்தில் மெல்ல ஒரு குழப்பம் படர்ந்தது.

"என்ன தாயி, உள்ள போகணும்லா?"

"நான் வெளிய போகணும் அண்ணாச்சி."

இரண்டு பேரும் நின்றார்கள். கடைசிவரை அவர் ஒதுங்கவில்லை. அவளும் ஒதுங்கவில்லை. தோளால் அவர் தோளை உரசித் தள்ளிக்கொண்டு அவள் வெளியே போனாள். பின்னால் அவர் ரகுநந்தனிடம், "பிள்ளைக்கி ஒடம்புக்கு என்னமும் சரியில்லையா?" என்று கேட்பது காதில் விழுந்தது. உண்மையான அக்கறையோடுதான் கேட்டார்.

வெளியே கடல் காற்றில் சிமென்ட்டு வாடை. ஆபீசிலிருந்து கேட் வரைக்கும் சுவரை ஒட்டியே ஒரு பாதை, மறுபுறம் மணல். தலையில் வெள்ளை ஹெல்மெட்டோடு அந்தப் பாதையில் அவள் இறங்கினாள். அலுவலர்களுக்கு வெள்ளை என்று அவளுக்கும் அது கொடுக்கப்பட்டிருந்தது. அதைப் பெருமையாக முதல் நாள் வீட்டுக்குப் போட்டுக்கொண்டு போயிருந்தாள்.

பாதிப் பாதையில் எதிரே ஒரு மிஷின் வந்தது. தலையில் சட்டி, சட்டி நிறையக் கலவை. இடது இடுப்பைச் சற்றே தூக்கித் தூக்கி வைக்கிற நடை. எந்தக் கூட்டத்திலும் எவ்வளவு தூரத்திலும் அவளுக்குத் தெரிகிற நடை. நெஞ்சில் எழுதியிருந்ததை அவள் படிக்க வேண்டியிருக்கவில்லை.

வெள்ளை ஹெல்மெட்டைக் கண்டதும் அது பாதையை விட்டு இறங்கியது. சட்டியைக் கீழே வைத்தது. கை இடுப்புக்குப் போனது, இல்லாததை உருவிக் கீழே இழுத்துவிட்டது. விளக்கு அவள் காலடியைப் பார்த்துத் தாழ்ந்தது.

அவளுக்காக.

கத்த வேண்டும்போல இருந்தது. யாரைப் பார்த்துக் கத்த? பெற்றவளின் உடம்பு அவளுக்கு வழிவிட்டுத் தலை குனிந்து நிற்கிறது. அதற்கு வெட்கம் இல்லை, வருத்தம் இல்லை, அவள் யாரென்றும் தெரியாது. வெட்கத்தையெல்லாம் இவளே படவேண்டியிருந்தது.

ஹெல்மெட்டைக் கழற்றி மணலில் வைத்தாள். ஜாக்கெட்டைக் கழற்றி அதன் மேல் போட்டாள். அடையாள அட்டையையும்.

கொஞ்ச நேரத்தில் விளக்கு உயர்ந்தது. வெள்ளையைத் தேடியது. கிடைக்கவில்லை. சட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு பாதைக்கு ஏறி நேராக அவளை நோக்கி வந்தது.

இப்போது அவள் மணலில் இறங்கினாள். சுமை இல்லாதவர் சுமையோடு வருகிறவருக்கு விடுகிற வழி அது. வேறு ஒன்றும் அதில் இல்லை. உச்சிமாகாளி, தெற்குத் தெரு என்று நெஞ்சில் எழுதிய மிஷின், நிமிர்ந்த விளக்கோடு, வேகம் குறையாமல் அவளைக் கடந்து போனது. அம்மா ஒரு தடவைகூட அப்படி நடந்து அவள் பார்த்ததில்லை.

பாதைக்கு ஏறி நடந்தாள். கேட் தெரிந்தது. வெயிலில் அம்மா நின்றாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தாள், வேலைக்கு வந்தவள் மாதிரி. கொஞ்சம் தள்ளி வேப்பமரத்தடியில் பொன்னுத்தாய் சித்தியும் தெருப் பெண்கள் சிலரும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தி முகத்திலும் இரக்கம் இல்லை. இன்றோடு அந்தத் தெருவில் யாரும் இவர்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கப்போவதில்லை. சித்தி மகன் ஆஸ்டலிலிருந்து பெட்டியோடு வரும் நாளில் அவன் முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். எல்லாம் தெரியும் அவளுக்கு.

பின்னால் மணலில் சட்டி இறங்குகிற சத்தம் கேட்டது. யாரோ வெள்ளை ஹெல்மெட்டுக்காரர் அவளுக்குப் பின்னால் பாதையில் வருகிறார். ஒருவேளை அவளைத் திரும்பக் கூப்பிடத்தான் வருகிறாரோ என்னவோ.

சந்தனமாரி திரும்பிப் பார்க்கவில்லை. பாதையின் நடுவிலேயே நடந்து கேட்டைத் தாண்டினாள்.

"வாம்மா" என்றாள். "பஸ் வந்துரும்."